நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கோல்காரரின் கணக்கை நீங்களே எழுதி எடுப்பது எப்படி

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, பினாங்கில் டத்தோ கெராமாட் சாலைப் பக்கம் ஒரு மாமாக் கடையில் காற்பந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இடைவேளையில் என் அக்கா மகன் கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டினான். "மாமா, டிக்ஸி டீன் ஒரே சீசன்ல 60 கோல். நீங்க எப்பவும் சொல்ற ஸ்டீவ் புளூமர் எந்த சீசன்லயும் அதுல பாதிகூட அடிச்சதில்ல. அப்புறம் எப்படி அவர பெரிய ஆளுன்னு சொல்றீங்க?"

புளூமர் 1890களில் ஆட வந்த இங்கிலாந்துக் கோல்காரர், டீன் அவருக்கு ஒரு தலைமுறை பிந்தியவர். நியாயமான கேள்விதான். ஆனால் தே தாரிக் ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை. மறுநாள் காலை வீட்டுக்கு வரச் சொன்னேன், சாப்பாட்டு மேசையில் ஒரு நீளமான நோட்டுப்புத்தகத்தை விரித்து வைத்து, புளூமரின் ஆட்ட வாழ்க்கையை முதலிலிருந்து கோடு போட்டு எழுதினோம். சாயங்காலம் வரை ஆனது. அவன் கேட்டுக்கொண்டதால்தான் அன்றைக்குச் செய்ததை இங்கே எழுதுகிறேன். புளூமர் இல்லாமல் வேறு எந்தப் பழைய ஆட்டக்காரரை எடுத்தாலும் இதே வழிதான்.

முதலில் ஒன்று. மொத்த எண்ணிக்கையை முதலில் பார்க்காதீர்கள். 352, 60, 28 என்று ஒரு எண் கண்ணில் பட்டுவிட்டால் மனசு அதிலேயே உட்கார்ந்துவிடும், அப்புறம் அதற்கு ஏற்றமாதிரிதான் மற்றதெல்லாம் படிப்போம். எண் கடைசியில் வரட்டும்.

நோட்டில் ஏழு கட்டம் போடுங்கள்: தேதி, எதிரணி, எந்தத் திடல், எந்தப் போட்டி, முடிவு, அவர் அடித்த கோல், இதை எங்கே பார்த்தீர்கள். கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். விட்டால் ஒரு வாரம் கழித்து இரண்டு எண்கள் ஒத்துப்போகாதபோது எதை நம்புவது என்றே தெரியாது. பேனா வேண்டாம், பென்சில்.

அடுத்து, ஆட்களைக் குழப்பிக்கொள்ளாமல் வாழ்க்கையின் எலும்புக்கூட்டை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். புளூமருக்கு அது இப்படி வரும். பிறந்தது 1874 ஜனவரி 20, வோஸ்டர்ஷயரில் கிராட்லி. பக்கத்திலேயே கிராட்லி ஹீத் என்று இன்னொரு ஊர் இருப்பதால் பல இடங்களில் இரண்டையும் மாற்றி எழுதியிருப்பார்கள். நம் ஊரில் பாயான் லெப்பாஸையும் பாயான் பாருவையும் வெளியூர்க்காரர்கள் குழப்புவதுபோல. சின்ன வயதிலேயே குடும்பம் டார்பிக்கு வந்துவிட்டது. 1892 செப்டம்பரில் டார்பி கவுன்டி அணிக்கு முதல் ஆட்டம். 1906 மார்ச்சில் 750 பவுண்டுக்கு மிடில்ஸ்புரோவுக்கு விற்கிறார்கள். 1910இல் திரும்ப டார்பி. 1914இல் ஆட்டம் முடிகிறது, அப்போது வயது 40. இங்கிலாந்துக்கு 1895 முதல் 1907 வரை 23 ஆட்டங்கள்.

இவ்வளவுதான் எலும்பு. இதில் எங்கெல்லாம் இரண்டாம் டிவிஷன், அதாவது லீக்கின் கீழ்ப் பிரிவு, வருகிறது என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள், ஏனென்றால் முதல் குழப்பம் அங்கேதான் வரும். என் அக்கா மகன் இணையத்தில் மூன்று எண்களைக் கண்டுபிடித்தான்: 332, 352, 314. மூன்றில் எது சரி என்று கேட்டான். மூன்றும் சரிதான், மூன்றும் வெவ்வேறு பொருள். 332 என்பது டார்பிக்கு மட்டும், எஃப்.ஏ. கிண்ண ஆட்டங்களையும் சேர்த்து. 352 என்பது டார்பி, மிடில்ஸ்புரோ இரண்டுக்கும் லீக்கில் மட்டும். 314 என்பது முதல் டிவிஷனில் மட்டும், 536 ஆட்டங்களில். 352க்கும் 314க்கும் நடுவே 38 இடிக்கிறதே என்றால், அவர் மிடில்ஸ்புரோவில் இருந்தபோது, 1907இல் டார்பி கீழே இறங்கிவிட்டது, அவர் திரும்பி வந்து ஆடிய 1910-11, 1911-12 இரண்டு சீசனும் இரண்டாம் டிவிஷனில்தான். 1912இல் அந்த டிவிஷனை வென்று அணியை மேலே ஏற்றினார். அந்த 38 கோலும் அங்கேதான் இருக்கிறது. ஒரு எண்ணைப் பார்த்தால் எந்த அணி, எந்தப் போட்டி, எந்த டிவிஷன் என்ற மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் நோட்டில் ஏற்ற வேண்டும்.

சரி, இனி சீசன் சீசனாக. அந்தக் காலத்து இங்கிலாந்து சீசன் செப்டம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும், அதனால் "1899இல் இத்தனை கோல்" என்று எழுதாதீர்கள், "1898-99" என்று எழுதுங்கள். ஒவ்வொரு சீசனுக்கும் பக்கத்தில் மொத்தம் எத்தனை ஆட்டம் என்பதையும் எழுத வேண்டும். புளூமர் ஆட வந்தபோது முதல் டிவிஷனில் 16 அணிகள், ஒருவருக்கு வருடத்துக்கு 30 ஆட்டம். 1898-99இலிருந்து 18 அணி, 34 ஆட்டம். 1905-06இலிருந்து 20 அணி, 38 ஆட்டம். டிக்ஸி டீன் காலத்தில் 22 அணி, 42 ஆட்டம். 30 ஆட்டச் சீசனில் அடித்ததையும் 42 ஆட்டச் சீசனில் அடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எடை போடாமலே விலை சொல்வது மாதிரி.

ஆகவே "எத்தனை அடித்தார்" என்பதோடு நிற்காமல், "அந்த வருடம் மற்றவர்கள் எத்தனை அடித்தார்கள்" என்றும் பாருங்கள். புளூமர் முதல் டிவிஷனில் ஐந்து சீசன்களில் முதலிடம்: 1895-96, 1896-97, 1898-99, 1900-01, 1903-04. இந்த ஐந்தை எழுதி முடித்ததும் என் அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒன்பது வருட இடைவெளியில் ஐந்து முறை. அதுவும் அதுவரை ஒரு முறைகூட லீக்கை வெல்லாத அணியில்.

ஒரு ஆட்டத்தையாவது அருகில் போய்ப் பாருங்கள், இல்லாவிட்டால் இது வெறும் கணக்குப் பாடமாகிவிடும். நாங்கள் எடுத்தது 1899 ஜனவரி 21. டார்பி 9, ஷெஃபீல்ட் வென்ஸ்டே 0. அதில் புளூமர் மட்டும் ஆறு. அந்தக் காலப் பத்திரிகையில் ஆட்டச் செய்தியை முதல் முறை படிப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது, ஏனென்றால் சட்டையில் எண் கிடையாது (லீக் சட்டையில் எண் கட்டாயமானது 1939இல்தான்), பெரும்பாலும் முதல் பெயரும் போட மாட்டார்கள். ஆனால் பெயர் வரிசையே இடத்தைச் சொல்லிவிடும். கோல் காவலர் ஒருவர், அப்புறம் பின்வரிசை இரண்டு பேர், நடு வரிசை மூன்று பேர், கடைசியாக முன்வரிசை ஐந்து பேர், வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக. முன்வரிசையில் இரண்டாவது பெயர் யாரோ அவர்தான் இன்சைட் ரைட். புளூமரின் இடம் அதுதான். இந்தக் காலத்தில் சொல்கிற மாதிரி நட்ட நடுவில் நின்ற ஆள் இல்லை அவர். நடுவில் நிற்பவருக்கும் வலது ஓரத்தில் ஓடுபவருக்கும் இடையே நின்று, கிடைத்த சந்தில் யோசிக்காமல் உதைப்பவர். அந்த இடத்திலிருந்து இத்தனை கோல் என்பதைப் படம் வரைந்து பார்த்தால்தான் உறைக்கும். நாங்கள் சர்க்கரைப் பாக்கெட்டுகளை மேசையில் இரண்டு, மூன்று, ஐந்து என்று அடுக்கிப் பார்த்தோம்.

இன்னொரு சிக்கல். அப்போதைய செய்திகளில் சில கோல்களுக்கு யார் அடித்தது என்றே இருக்காது. கோல் முன்னால் எல்லோரும் முட்டிமோதி, கும்பலாகப் பந்தைத் தள்ளிவிட்டார்கள் என்று மட்டும் எழுதியிருப்பார்கள். ஒரே ஆட்டத்தின் கோல்காரர்களை இரண்டு பத்திரிகைகள் இரண்டு விதமாகச் சொல்லும். அப்படி வந்தால் ஒன்றை அழித்துவிட்டு மற்றதை வைக்காதீர்கள், இரண்டையும் எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். இரண்டு புத்தகங்களில் ஒரே ஆட்டக்காரரின் மொத்தம் ஒன்றிரண்டு வித்தியாசப்படுவது பெரும்பாலும் இதனால்தான், யாரும் பொய் சொல்வதனால் இல்லை.

அவர் ஆடாத ஆட்டங்களையும் தேடுங்கள். அவர் காலத்தில் டார்பி மூன்று முறை எஃப்.ஏ. கிண்ண இறுதிக்குப் போய் மூன்றிலும் தோற்றது. 1898இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் 3-1, டார்பியின் அந்த ஒரே கோல் புளூமருடையது. 1899இல் ஷெஃபீல்ட் யுனைடெட்டிடம் 4-1. 1903இல் பரியிடம் 6-0. அந்த மூன்றாவது ஆட்டத்தின் பெயர்ப் பட்டியலில் புளூமர் இல்லை, காயம். 6-0 என்ற தோல்வியைப் படித்துவிட்டு "பெரிய ஆட்டத்தில் சோபிக்காதவர்" என்று எழுதிவிடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள். நானே பல வருடம் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன், பெயர்ப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் மாற்றிக்கொண்டேன்.

நாட்டுக்காக ஆடிய கணக்குக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். புளூமருக்கு 23 ஆட்டம், 28 கோல். முதல் ஆட்டம் 1895 மார்ச் 9, அயர்லாந்தோடு, அதுவும் டார்பியிலேயே, 9-0, அதில் இரண்டு இவருடையது. அடுத்த வருடம் கார்டிஃபில் வேல்ஸை 9-1 என்று அடித்தபோது ஐந்து. முதல் பத்து ஆட்டத்தில் ஒன்றுகூட விடாமல் கோல். இங்கே "எதிரணி" கட்டத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே போங்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து. இந்த மூன்று பெயரைத் தவிர வேறு எதுவும் வராது.

இப்போது விவியன் வுட்வார்டின் பக்கத்தைப் பக்கத்தில் வையுங்கள். டாட்டன்ஹாம், அப்புறம் செல்சி, கட்டடக் கலைஞர், கடைசி வரை சம்பளம் வாங்காமல் ஆடியவர், 1908லும் 1912லும் ஒலிம்பிக் தங்கம். அவருக்கும் 23 ஆட்டம், ஆனால் 29 கோல். 1911இல் புளூமரின் கணக்கைத் தாண்டியவர் இவர்தான். எதிரணிக் கட்டத்தைத் தடவிப் பாருங்கள், ஆஸ்திரியா, ஹங்கேரி வரும். 1908இல்தான் இங்கிலாந்து முதல் முறையாகக் கடல் தாண்டிப்போய் ஐரோப்பிய நாடுகளோடு ஆடியது, அந்தப் பயணத்தில் ஆஸ்திரியாவை 11-1 என்று அடித்த ஆட்டமும் உண்டு. அப்போது அந்த நாடுகளில் காற்பந்து இன்னும் இளசு. இதனால் வுட்வார்ட் சின்னவர் ஆகிவிடவில்லை, அவருடைய ஆட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் 28, 29 என்று எண்ணை மட்டும் பார்த்து ஒருவர் மேல், ஒருவர் கீழ் என்றால் அது கணக்கே இல்லை. அவர் சம்பளமில்லாதோர் அணிக்காக அடித்ததும் ஒலிம்பிக்கில் அடித்ததும் இந்த 29இல் சேராது, அது வேறு பக்கம்.

இதே பக்கத்தில் ஒரு தேதியை அடிக்கோடிட்டு வையுங்கள்: 1902 ஏப்ரல் 5. கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிக்கொண்டிருந்தபோது ஐப்ராக்ஸ் திடலில் பார்வையாளர்கள் நின்ற மரத்தட்டு உடைந்து 25 பேர் இறந்தார்கள். அந்த ஆட்டத்தை அதிகாரப்பூர்வக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மே மாதம் பர்மிங்ஹாமில் மறுபடி ஆடினார்கள். அந்த வருடத்து ஆட்டக்காரர்கள் யாருக்காவது ஒரு ஆட்டம் கூடுதலாகத் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இப்போது அக்கா மகனின் 60 கோலுக்கு வருவோம். விதியைப் படிக்காமல் இதைத் தீர்க்க முடியாது. ஆஃப்சைட் விதிப்படி 1925 வரை, பந்து வரும்போது முன்வரிசைக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தவறு, பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்த வருடம் அது இரண்டாகக் குறைக்கப்பட்டது. என்ன ஆனது என்பதை அவனையே கணக்குப் போட வைத்தேன். 1924-25இல் லீக்கின் நான்கு பிரிவிலும் சேர்த்து 4,700 கோல். அடுத்த சீசனில் 6,373. ஒரு பிரிவுக்கு 22 அணி, 462 ஆட்டம், நான்கு பிரிவுக்கு 1,848. வகுத்தான். ஆட்டத்துக்கு 2.54 என்றிருந்தது 3.45 ஆகிவிட்டது. அணிகள் மாறவில்லை, பந்து மாறவில்லை, ஒரே ஒரு சொல் மாறியது. அதற்கு அடுத்த சீசனில் மிடில்ஸ்புரோவின் ஜார்ஜ் கேம்செல் இரண்டாம் டிவிஷனில் 59, அதற்கு அடுத்த 1927-28இல் எவர்ட்டனின் டிக்ஸி டீன் 39 ஆட்டத்தில் 60.

ஆனால் இங்கேயே அவசரப்பட்டு "மூன்று பேர் விதி இருந்ததால்தான் புளூமருக்குக் கோல் குறைவு" என்று முடித்துவிடக் கூடாது. அதே விதி இருந்த 1890களில் கோல்கள் தாராளமாகவே விழுந்தன. போகப்போகத்தான் தற்காப்புக்காரர்கள் சூட்சுமத்தைப் பிடித்தார்கள். ஒருவர் சட்டென்று முன்னால் நகர்ந்தால் போதும், எதிரணி முன்வரிசை முழுக்க ஆஃப்சைட். நியூகாசலின் பில் மெக்ராக்கன் இதில் பேர்போனவர். அதனால் ஒரு விதியை வைத்து முப்பது வருடத்தை அளக்காமல், அந்தந்தச் சீசனின் மொத்தக் கோலை மொத்த ஆட்டத்தால் வகுத்து, அந்தச் சராசரியை நோட்டின் ஓரத்தில் எழுதுங்கள். பழைய லீக் அட்டவணைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அட்டவணையில் எல்லா அணிகளும் அடித்த கோலைக் கூட்டினால் போதும், பத்து நிமிட வேலை.

மற்ற விதிகளையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி நோட்டின் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். பெனால்டி வந்தது 1891. இப்போது நாம் பார்க்கிற பெனால்டிக் கட்டம் 1902. தன் பாதித் திடலில் நிற்பவருக்கு ஆஃப்சைட் இல்லை என்றானது 1907. கோல் காவலர் தன் பாதித் திடல் முழுக்கக் கையால் பந்தைத் தொடலாம் என்றிருந்தது 1912இல்தான் மாறியது.

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு பத்திரிகைகளை எப்படிப் பார்ப்பது? இங்கிலாந்துப் பத்திரிகைக் களஞ்சியத்துக்குப் பணம் கட்ட வேண்டும், ரிங்கிட்டில் பார்த்தால் கொஞ்சம் கடிதான். அதற்கு முன்னால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளத்தைத் திறந்து பாருங்கள், அந்தக் கால ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். மலாயாவில் இருந்த ஆங்கிலேயர்கள் ஊர் ஆட்டத்தின் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள், அதனால் இங்கிலாந்துக் காற்பந்துச் செய்தி இங்கேயும் அச்சாகும். ஆனால் தேதியில் கவனம் தேவை. முடிவு மட்டும் தந்தியில் உடனே வந்துவிடும், விவரமான கட்டுரை கப்பல் தபாலில் மூன்று வாரத்துக்கு மேல் பயணம் செய்து வரும். ஒரே ஆட்டம் இரண்டு முறை அச்சாகியிருக்கும், அதை இரண்டு ஆட்டமாக எண்ணிவிடாதீர்கள். பத்திரிகைத் தேதியை ஆட்டத் தேதியாக ஒருபோதும் எழுதாதீர்கள்.

தேடும்போது புளூமர் என்று மட்டும் போட்டால் பெண்களின் பழைய கால உள்ளாடை விளம்பரங்களும் பூச்செடிக் குறிப்புகளும்தான் வந்து குவியும், ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அப்படியும் பொருள் உண்டு. பெயரோடு டார்பி என்றோ மிடில்ஸ்புரோ என்றோ சேர்த்துப் போடுங்கள், ஆண்டையும் குறுக்குங்கள். பழைய அச்சைக் கணினி தப்பாகப் படித்திருக்கும், அதனால் பெயர் கிடைக்காவிட்டால் எதிரணியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

ஆட்டம் முடிந்த இடத்தில் நோட்டை மூடிவிடாதீர்கள். புளூமருக்கு 1914க்குப் பிறகுதான் என்னை மிகவும் பாதித்த பகுதி வருகிறது. அந்த வருடம் ஜூலையில் பெர்லினுக்குப் பயிற்றுநராகப் போனார். சில வாரத்தில் உலகப் போர். அங்கே இருந்த பிரிட்டிஷ்காரர்களைப் பிடித்து ரூலேபென் என்ற குதிரைப் பந்தயத் திடலில் அடைத்தார்கள், குதிரை லாயங்களில் படுக்கை. ஆயிரக்கணக்கானோர் இருந்த அந்த முகாமில் பழைய காற்பந்துக்காரர்கள் பலர், ஃப்ரெட் பென்ட்லண்ட், ஜான் கேமரூன் போன்றவர்கள். அவர்கள் உள்ளேயே அணி பிரித்து லீக் நடத்தினார்கள், நாற்பதைத் தாண்டிய புளூமரும் ஆடினார். 1918 வரை அங்கேதான். அந்த ஆட்டங்களின் கோல் எந்தக் கணக்கிலும் வராது, ஆனாலும் நோட்டில் அந்த நான்கு வருடத்துக்கு ஒரு பக்கம் விடுங்கள். அப்புறம் ஸ்பெயினுக்குப் போய், 1924இல் ரியல் யூனியன் டி இருன் அணிக்குப் பயிற்றுநராக இருந்து, இறுதியில் ரியல் மாட்ரிட்டை 1-0 என்று வென்று ஸ்பெயின் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார். தான் ஆடியபோது கைக்கு எட்டாத கிண்ணம், பயிற்றுநராக வேறு நாட்டில் கிடைத்தது. 1938 ஏப்ரல் 16இல் காலமானார்.

இதெல்லாம் முடித்த பிறகு கடைசிப் பக்கத்தில் மொத்தத்தை எழுதுங்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே அது எதைச் சேர்த்தது, எதை விட்டது என்று ஒரு வரி. நம் மலேசியக் கோல்காரர் மொக்தார் டஹாரிக்கும் இதே தேவை இருக்கிறது. ஒருவர் 89 என்பார், இன்னொருவர் 125 என்பார், வெளிநாட்டுக் கிளப் அணிகளோடு ஆடியதைச் சேர்க்கிறோமா என்பதில்தான் வித்தியாசம்.

என் அக்கா மகன் இப்போது மலாயாக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். மலாயா என்ற போர்க்கப்பல் 1921இல் இங்கே வந்துபோனபோது கப்பல்காரர்கள் கொடுத்த கிண்ணம் அது, முதல் இறுதியில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என்று வென்றது. போருக்கு முன்பு ஆடிய தமிழர்களின் பெயர்களைத் தேடுகிறான். அதில் நாங்கள் கற்ற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஆங்கிலப் பத்திரிகையில் ஒரே ஆள் ஒரு வாரம் ஆறுமுகம், அடுத்த வாரம் ஆர்முகம், அதற்கடுத்து அரமுகம் என்று வருவார், சில சமயம் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால், சில சமயம் அப்பா பெயரே ஆட்டக்காரர் பெயராக. எல்லா எழுத்துக்கூட்டலையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். எந்த இடத்தில் ஆடினார் என்பதைப் பெயர் வரிசையில் பாருங்கள், மூன்று எழுத்துக்கூட்டலும் அதே இடத்தில், அதே கூட்டாளிகளுக்கு நடுவே வந்தால் பெரும்பாலும் அது ஒரே ஆள்தான்.